கிரகணமும் தாய்மேல் விழுந்த பழியும்

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். அன்று காலை கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல் பகுதிகளில் கங்கணச் சூரிய கிரகணம் தெரிந்தது. நம் கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் அது பகுதிக் கிரகணமே. அதே நாளில், அண்டை மாநிலமான கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில், உடல் ஊனமுற்ற குழந்தைகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்தனர் என்ற செய்தி நாட்டையே திடுக்கிடச் செய்தது. கிரகண வேளையில் அவ்வாறு செய்தால் ஊனம் நீங்கும் என்று பெற்றோர் நம்பினராம்.

அவர்களை இகழ்ந்து பேசுவது எளிது. ஆனால் அந்த நம்பிக்கையின் மறுபாதி நம் இல்லங்களிலேயே உள்ளது. கிரகணத்தின்போது கருவுற்ற பெண் வெளியே வரலாகாது. கத்தியையோ அரிவாள்மனையையோ தொடலாகாது. மீறினால் பிள்ளை பிளந்த உதட்டுடன் பிறக்கும் என்பர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லைப்புறம் நம்முடையது. தெலுங்கு பேசுவோர் பிளந்த உதட்டைக் 'கிரகணம் மொர்ரி' என்றே அழைப்பர். குறைக்கு இட்ட பெயரிலேயே குற்றச்சாட்டும் அடங்கிவிட்டது. பிள்ளையின் முகத்தைப் பார்த்தவுடன் தாயைப் பார்த்து, 'அன்று நீ என்ன செய்தாய்?' என்று கேட்கத் தோன்றுகிறது.

நம்பிக்கையும் மருத்துவமும்

இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. பதினாறாம் நூற்றாண்டில் மெக்சிகோவில் பணியாற்றிய பிரான்சிஸ்கு சபைத் துறவி பெர்னார்தினோ தெ சகாகூன், அந்நாட்டு மக்களின் வழக்கங்களை விரிவாக எழுதி வைத்தார். கருவுற்றவள் கிரகணத்தைக் கண்டால் குழந்தையின் உதடு சிதைந்திருக்கும் என்று அவர்களும் அஞ்சினர். காப்பாக எரிமலைக் கண்ணாடிக் கல்துண்டு ஒன்றைத் தாங்கினர். கடல்களுக்கு அப்பால், நம்மோடு எத்தொடர்பும் இல்லாத மக்களுக்கும் அதே அச்சம், அதே பழி!

காரணம் அறியாவிடினும், சிகிச்சையை மனிதர் நெடுங்காலத்துக்கு முன்பே தேடினர். கி.பி. 390ஆம் ஆண்டளவில், சீனாவில் வெய் யாங்-சி என்ற இளைஞருக்குப் பிளந்த உதட்டை வெட்டித் தைத்தார் ஒரு மருத்துவர். நூறு நாள் கஞ்சி மட்டுமே உணவு. பேச்சும் சிரிப்பும் கூடாது என்பது நிபந்தனை. அந்த இளைஞர் பின்னாளில் ஆளுநராக உயர்ந்தார் என்று வரலாறு கூறுகிறது.

காரணத்தை அறியும் முயற்சி மிகவும் பிந்தியது. பிர்னோ நகரத்து அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல், 1865இல் பட்டாணிச் செடிகளின் மூலம் மரபுரிமையின் விதிகளை எடுத்துரைத்தார். 1942இல் டென்மார்க்கு நாட்டு அறுவை மருத்துவர் போல் ஃபோக்-ஆண்டர்சன், உதட்டுப் பிளவு சில குடும்பங்களில் தொடர்வதைப் பெரிய ஆய்வொன்றால் காட்டினார். அன்னத்தில் மட்டும் தோன்றும் பிளவு மரபு வகையில் வேறானது என்றும் பிரித்துணர்த்தினார்.

கறுப்பெழுத்தும் சிவப்பெழுத்தும்

கருவில் முகம் ஒரே துண்டாக உருவாவதில்லை. ஐந்து சிறு மேடுகள் தனித்தனியே வளர்ந்து, ஒன்றையொன்று நெருங்கி, இணைந்து முகமாகின்றன. உதடு கூடுவது ஏறத்தாழ நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில். அந்த இணைப்பு நிகழாதபோது பிளவு எஞ்சுகிறது. ஆக, வயிறு தெரிந்து, ஊரார் அறிந்து, கிரகணத்துக்கு அஞ்சிப் பெண்ணை வீட்டுக்குள் இருத்தும் வேளையில், பிள்ளையின் உதடு எப்போதோ உருவாகி முடிந்திருக்கும்!

அப்படியாயின் இணைப்பைத் தடுப்பது எது? நம் உடலின் அணுக்கள் ஏறத்தாழ அனைத்திலும் இருப்பவை ஒரே மரபணுக்கள்தாம். கண்ணும் தோலும் வேறுபடுவது, எந்த மரபணு எங்கே, எப்போது, எவ்வளவு இயங்குகிறது என்பதனால். மரபணுக்களை இயக்கவும் நிறுத்தவும் தனி ஏற்பாடு உண்டு என்பதைப் பாரிசு நகரில் பிரான்சுவா ஜாக்கோப், ஜாக் மோனோ ஆகிய இருவரும் நுண்ணுயிர்களில் ஆராய்ந்து 1961இல் விளக்கினர். 1965இல் நோபல் பரிசையும் பெற்றனர்.

திருப்பலி நூலை நினைத்துப் பாருங்கள். மன்றாட்டுகள் கறுப்பு எழுத்தில் இருக்கும். அவற்றை யார், எப்போது, எவ்வாறு சொல்ல வேண்டும் என்னும் குறிப்புகள் சிவப்பு எழுத்தில் இருக்கும். கறுப்பெழுத்தில் ஒரு பிழையும் இல்லாவிடினும், சிவப்பெழுத்துத் தவறினால் வழிபாடு தடுமாறும். நம் மரபுப் பொருளான டி.என்.ஏ.யில் புரதங்களுக்கான செய்தி இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. எஞ்சியதில் ஒரு பகுதி இத்தகைய சிவப்பெழுத்து.

1954இல் ஆன் வான் டெர் வூட் என்ற மருத்துவர், உதட்டுப் பிளவோடு கீழுதட்டில் சிறு குழிகளும் குடும்பவழி வரும் ஒரு நோயை விவரித்தார். 2002இல் அதற்குக் காரணமாக ஐ.ஆர்.எஃப்.6 என்னும் மரபணு கண்டறியப்பட்டது. இதன் புரதமே பிற மரபணுக்களை இயக்கும் பணியுடையது. முகமேடுகளைப் போர்த்தும் தோலணுக்கள் முறையாக முதிர்ந்து இணைவதற்கு அது தேவை. அக்கண்டுபிடிப்புக்குத் துணைநின்றோர் ஒரே கருவினின்று பிரிந்த இரட்டையர்! ஒருவருக்கு நோய் இருந்தது, மற்றவருக்கு இல்லை. மரபணு மாற்றமும் நோயுற்றவரிடம் மட்டுமே காணப்பட்டது. ஒரே தாய், ஒரே கருப்பை, ஒரே வானம். கிரகணம் காரணமாயின் இருவரையும் அன்றோ அது தீண்டியிருக்க வேண்டும்?

2008இல் மற்றொரு செய்தி வந்தது. ஐ.ஆர்.எஃப்.6 மரபணு முழுமையாகவே இருக்க, அதற்கு ஏறத்தாழ 9,700 எழுத்துகள் முன்னே உள்ள இயக்கப் பகுதியில் ஒரேயோர் எழுத்து மாறியிருந்தால், உதட்டுப் பிளவுக்கான வாய்ப்புக் கூடுகிறது என்பதே அது. சிவப்பெழுத்தின் பிழை! ஆயினும் இம்மாற்றம் உடையோருள் மிகப் பலர் பிளவின்றியே பிறக்கின்றனர். எனவே ஒற்றைக் காரணம் என்று எதையும் சுட்ட இயலாது.

பழி வேண்டா, சிகிச்சை வேண்டும்

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கிரகணத்தை விடுத்து மரபணுவைப் பற்றிக்கொண்டு, 'இது எந்த வீட்டு இரத்தம்?' என்று கேட்கத் தொடங்கினால், பழைய பழிக்குப் புதிய பெயர் சூட்டியவர்களாவோம். தன் மரபணுவின் எழுத்தைத் தானே தேர்ந்தவர் எவருமில்லை. பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைக் கண்டு, பாவம் செய்தது இவரா, இவருடைய பெற்றோரா என்று சீடர் வினவியபோது, இயேசு இரண்டையும் மறுத்தார் என்று யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் கூறுகிறது. மறுத்ததோடு நில்லாமல், அம்மனிதருக்குப் பார்வை அளித்தார். நாம் செல்ல வேண்டிய வழியும் அதுவே.

செய்யக்கூடியவை உண்டு. புகையை விலக்குவதும், கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை உட்கொள்வதும் நன்று. வலிப்பு நோய் மருந்துகள் சில இக்குறைக்கு வாய்ப்பைக் கூட்டும். ஆனால் அவற்றைத் தாமே நிறுத்தாமல் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். பிளவுடன் பிறந்த குழந்தைக்குப் பால் புகட்டும் முறையை முதல் நாளிலேயே கேட்டறிய வேண்டும். உதட்டுக்கான அறுவை சிகிச்சையைப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளும், அன்னத்துக்கானதை ஒன்றரை வயதுக்குள்ளும் செய்வர். காலம் தாழ்ந்தால் முகத்தை விடப் பேச்சே பெரிதும் பாதிக்கப்படும். 2013இல் நடுவண் அரசு தொடங்கிய குழந்தைகள் நலத்திட்டத்தில் இக்குறையும் இடம்பெற்றுள்ளது. ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகினாலே வழி கிடைக்கும்.

ஞானஸ்நானத்துக்குக் கொணரும் பிள்ளையின் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்ளும் தாய்மார் உண்டு. பிளவுக்கு நாணி அல்ல, நம் கேள்விக்கு அஞ்சியே மூடுகின்றனர். பிளவைத் தைக்க மருத்துவர் இருக்கிறார். கேள்வியை நிறுத்த வேண்டியவர்கள் நாமே.