இசைநாடக மேதை வெர்டி

மேனாட்டாரின் கலைச் செல்வங்களுள் ஒபெரா எனப்படும் இசைநாடகம் தனிச் சிறப்பு வாய்ந்தது. கதைமாந்தர் தாம் கூற வேண்டியவற்றைப் பாடியே கூற, பல்வகை வாத்தியங்கள் ஒருங்கிணைந்து அப்பாட்டைத் தாங்கிச் செல்ல, நடிப்பும் காட்சி அலங்காரமும் உடன்கூடி நிகழும் கலை அது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலே கற்றோரும் செல்வரும் கூடிய அவைகளில் முளைத்த இக்கலை, 19ஆம் நூற்றாண்டிலே அந்நாட்டுப் பொதுமக்களின் உடைமையாயிற்று. அங்ஙனம் ஆக்கிய பெருமையில் மிகப் பெரும் பங்கு ஜூசெப்பே வெர்டி என்னும் மேதைக்கு உரியது.

வெர்டியின் பெருமையை அறிய விரும்புவோர், அவர் வாழ்ந்த காலத்து இத்தாலியின் நிலையை முதலில் அறிதல் வேண்டும். நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின் 1815இல் வியன்னாவிற் கூடிய வல்லரசுகள் இத்தாலியைப் பல கூறுகளாகவே விட்டுவைத்தன. மிலான், வெனிஸ் ஆகிய நகரங்கள் அவுஸ்திரியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டன. நேப்பிள்ஸ் பூர்போன் மன்னரிடத்தும், உரோமாபுரி பாப்பரசரிடத்தும், பார்மா நெப்போலியனின் மனைவி மரீ லூயிசிடத்தும் இருந்தன. பத்திரிகைகள் அரசாங்கத்தின் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. மக்கள் பெருந்தொகையினராக ஒன்றுகூடக்கூடிய இடங்களுள் தேவாலயத்துக்கு அடுத்தபடியாக இருந்தது நாடகசாலையே. ஆதலின், அரங்கிற் பாடப்படும் ஒவ்வோர் அடியையும் ஆள்வோர் ஐயக்கண் கொண்டே நோக்கினர். பாட்டின் சொல்லையும் கதையின் போக்கையும் தீர்மானிப்பவர் எவர் என்னும் வினா இச்சூழலிலே எழுந்தது. வெர்டியின் வாழ்நாட் போராட்டம் அவ்வினாவைப் பற்றியதே.

பார்மா நாட்டிலே, புசெற்றோ என்னும் சிற்றூருக்கு அண்மையிலுள்ள லெ ரொங்கோலெ என்ற கிராமத்தில், 1813ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வெர்டி பிறந்தார். அக்காலத்தில் அப்பகுதி பிரான்சின் ஆட்சியில் இருந்தமையால், பிற்காலத்தில் இத்தாலிய தேசியத்தின் சின்னமாகப் போற்றப்பட்ட அவரது பிறப்பு, பிரெஞ்சு மொழியிலேயே பதிவு செய்யப்பட்டது. தந்தை சிறு விடுதியொன்றை நடத்தியவர். தாய் நூல் நூற்றவர். மகனின் இசையார்வத்தைக் கண்ட பெற்றோர், கட்டைகளை அழுத்தி வாசிக்கும் பழைய தந்தி வாத்தியம் ஒன்றை வாங்கிக் கொடுத்தனர். அதனைப் பழுதுபார்க்க வந்த தொழிலாளி, சிறுவனின் ஆர்வத்தை மெச்சிக் கூலி பெறாமலே பழுது நீக்கி, அச்செய்தியை வாத்தியத்தின் உள்ளேயே எழுதிவைத்துச் சென்றார். அவ்வாத்தியம் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.

புசெற்றோவில் வாணிகம் செய்த அந்தோனியோ பரெற்சி என்னும் இசையன்பர் சிறுவனை ஆதரித்தார். அவருடைய உதவியோடு 1832இல் மிலான் சென்ற வெர்டி, அங்குள்ள சங்கீதக் கல்லூரியிற் சேர விண்ணப்பித்தார். வயது கடந்தவர், வேற்று நாட்டவர், வாத்தியத்தில் கைவைக்கும் முறை பிழையானது எனப் பல காரணங்கள் கூறி அவரைச் சேர்க்க மறுத்துவிட்டனர். பின்னர் அதே கல்லூரி அவரது பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது! கல்லூரி கைவிட்ட மாணவர், லா ஸ்காலா அரங்கிற் பணியாற்றிய வின்சென்சோ லவீஞ்ஞா என்பாரிடம் தனியே பாடங் கேட்டார்.

1836இல் பரெற்சியின் மகள் மார்கெரீற்றாவை அவர் மணந்தார். அவ்வில்வாழ்வு நீடிக்கவில்லை. 1838இல் மகள் இறந்தாள். 1839இல் மகன் இறந்தான். 1840 ஜூனில் மனைவியும் மறைந்தார். இத்துயரின் நடுவே, ஒப்பந்தத்தின்படி நகைச்சுவை நாடகம் ஒன்றுக்கு இசையமைக்க வேண்டியிருந்தது. அது லா ஸ்காலாவில் முதல் நாளே படுதோல்வியுற்றது. இனி இசையமைப்பதில்லை என்று வெர்டி உறுதி பூண்டார்.

அவ்வுறுதியைக் கலைத்தது 'நபுக்கோ' என்னும் நாடகம். யூதர்கள் பாபிலோனிலே சிறைப்பட்டிருந்த வரலாற்றைக் கூறுவது அது. அரங்க நிருவாகி வற்புறுத்திக் கையிற் கொடுத்த ஏட்டை வீட்டுக்குக் கொண்டு சென்று மேசைமீது எறிந்ததாகவும், அது தாய்நாட்டை நினைந்து அடிமைகள் பாடும் பாட்டின் பக்கத்திலே விரிந்து விழுந்ததாகவும், அன்றிரவு உறக்கம் வரவில்லை என்றும் முதுமையில் வெர்டியே கூறியுள்ளார். 1842 மார்ச் 9ஆம் நாள் அரங்கேறிய அந்நாடகம் பெருவெற்றி ஈட்டியது. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் மாத்திரம் அது 57 முறை மேடையேறிற்று.

இவ்விடத்தில் ஒரு செய்தியை ஆராய்ந்து கொள்ளுதல் நன்று. முதல் நாளன்றே அவ்வடிமைகளின் பாட்டைக் கேட்ட மக்கள் அவுஸ்திரிய ஆட்சிக்கு எதிராகக் கொதித்தெழுந்து, தடையையும் மீறி அதனை மீண்டும் பாடுவித்தனர் என்பது நெடுங்காலம் வழங்கிவந்த கதை. அக்காலப் பத்திரிகைக் குறிப்புகளை அண்மைக்கால அறிஞர்கள் ஆராய்ந்தபோது, அன்று மீண்டும் பாடப்பட்டது வேறொரு பாட்டு, இறைவனைத் துதிக்கும் பாட்டு என்பது புலனாயிற்று. மேலும் அந்நாடகத்தின் இசையேடு அவுஸ்திரிய அரச குலத்து இளவரசி ஒருவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. நாட்டுப் பற்று வெர்டிக்கு இல்லாமல் இல்லை. 1849 ஜனவரியில், உரோமாபுரியிற் குடியரசு பிரகடனஞ் செய்யப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், வெளிப்படையான தேசிய உணர்ச்சி நிறைந்த 'லெஞ்ஞானோப் போர்' என்னும் நாடகத்தை அவர் அங்கு அரங்கேற்றினார். ஆயினும், விடுதலைக்காக அவர் நாள்தோறும் நடத்திய போர் இக்கதைகளிற் காணப்படுவதன்று. அது அவரது எழுதுமேசையிலும் ஒத்திகை மேடையிலும் நிகழ்ந்தது.

அன்றைய இசையமைப்பாளன் நிலை இரங்கத்தக்கது. அரங்க நிருவாகி குறித்த நாளில் நாடகம் முடிய வேண்டும். பாடகரின் விருப்பத்துக்கேற்ப அதில் மாற்றம் செய்யவும் நேரும். தணிக்கை அதிகாரி வெட்டியது போக எஞ்சியதே மேடையேறும். இசையேட்டைக் களவாகப் பிரதி செய்து பிற நகரங்களில் நடித்தால், ஆக்கியோனுக்கு ஒரு காசும் கிட்டாது. வெர்டி 1858இல் தம் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், 'நபுக்கோ'வுக்குப் பிந்திய 16 ஆண்டுகளையும், விலங்கு பூண்டு மரக்கலத்தில் துடுப்பு வலிக்கும் கைதியின் வாழ்வுக்கு ஒப்பிட்டார். எனினும் அவர் கைதியாகவே இருந்துவிடவில்லை. பதிப்பாளர் ரிக்கோர்டியோடு செய்த ஒப்பந்தங்களில், தம் இசையை எவரும் வெட்டவோ மாற்றவோ கூடாது என்ற நிபந்தனையை வற்புறுத்தினார். 1840இல் அவுஸ்திரியாவும் சார்டீனியாவும் செய்த பதிப்புரிமை உடன்படிக்கை இதற்குத் துணையாக நின்றது.

தணிக்கையோடு அவர் நடத்திய முதற் பெரும் வழக்கு 'ரிகொலெற்றோ' பற்றியது. விக்ரர் ஹியூகோ எழுதி, 1832இல் பாரிசில் ஒரே நாள் நடிக்கப்பட்டுத் தடைசெய்யப்பட்ட நாடகமே அதன் மூலம். காமுகனான அரசன் ஒருவனையும், அவனுக்கு ஏவல் செய்து, இறுதியில் தன் ஒரே மகளை இழக்கும் கூனன் விகடகவியையும் பற்றிய கதை அது. 1850 டிசெம்பரில் வெனிசின் அவுஸ்திரிய அதிகாரிகள் அதனை முற்றாகத் தடுத்தனர். பின்னர், அரசனை நல்லவனாக்கலாம், கூனனின் கூனை நீக்கலாம் என்று திருத்திய ஏடொன்றை முன்வைத்தனர். வெர்டி இணங்கவில்லை. புறத்தே உருவழகு குன்றியும் அகத்தே அன்பு நிறைந்தும் விளங்கும் ஒருவனைப் பாட வைப்பதற்காகவே தாம் அக்கதையைத் தேர்ந்ததாக விளக்கினார். முடிவில், பிரான்சின் அரசன் மாந்துவா நாட்டுக் கோமகன் ஆனான். கூனும், மகளின் உடலைச் சுமந்த சாக்கும், கதையின் உயிரும் அப்படியே நின்றன. 1851 மார்ச் 11ஆம் நாள் வெனிசில் அரங்கேறிய அது, இன்றளவும் உலக மேடைகளில் நின்று நிலவுகின்றது.

இரண்டாண்டுகளின் பின் வந்த 'லா திராவியாற்றா'வில், சமூகம் ஒதுக்கிய பாரிசு நகரத்துப் பெண்ணொருத்தியின் தூய காதலையும் தியாகத்தையும் அவர் பாடினார். தம் காலத்து உடையிலேயே நடிகர்கள் தோன்ற வேண்டுமென அவர் விரும்பியும், கதையை ஒன்றரை நூற்றாண்டு பின்னோக்கி நகர்த்தும்படி அரங்கத்தார் பணித்தனர். 1853 மார்ச்சில் தோல்வியுற்ற அந்நாடகம், சிற்சில திருத்தங்களோடு மறு ஆண்டு அதே வெனிசில் வேறோர் அரங்கிற் பெரும் புகழ் எய்தியது.

யாவற்றிலும் கடுமையானது 'முகமூடி நடனம்' பற்றிய பிணக்கு. 1792இல் சுவீடன் மன்னன் மூன்றாம் குஸ்தாவ் நடன விழாவிற் சுடப்பட்ட வரலாற்றை நேப்பிள்ஸ் அரங்குக்காக வெர்டி எடுத்துக்கொண்டார். அவ்வமயம், 1858 ஜனவரியில், மூன்றாம் நெப்போலியன்மீது பாரிசிற் குண்டு வீசப்பட்டது. அரசனைக் கொல்லும் கதை என்ற சொல்லே அதிகாரிகளை நடுங்கச் செய்தது. கதையை 14ஆம் நூற்றாண்டுப் புளோரன்சுக்கு மாற்றி, வேறு பெயரிட்டு, புதியதோர் ஏட்டை வெர்டியிடம் நீட்டினர். 884 அடிகளுள் 297 அடிகள் மாற்றப்பட்டிருந்ததை வெர்டி எண்ணிக் காட்டினார். இசையைத் தர மறுத்த அவர்மீது அரங்கத்தார் வழக்குத் தொடுத்தனர்; அவரும் எதிர்வழக்காடினார். இறுதியிற் சமரசம் ஏற்பட, அவர் தம் ஏட்டோடு நேப்பிள்சை விட்டு வெளியேறினார். கதையின் களத்தை அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்கு மாற்றியதோடு அமைந்து, 1859 பெப்ரவரி 17ஆம் நாள் உரோமாபுரியில் அதனை அரங்கேற்றினார்.

அந்நாட்களிலேதான் நகரச் சுவர்களில் 'வெர்டி வாழ்க' என்னும் வாசகம் தோன்றலாயிற்று. 'இத்தாலியின் அரசர் விற்றோரியோ இம்மானுவேல்' என்னும் பொருள்படும் இத்தாலியச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'வெர்டி' என்று வரும். கலைஞனை வாழ்த்துவது போல வருங்கால மன்னரை வாழ்த்தினர் மக்கள். 1861இல் இத்தாலி ஒன்றாகியபோது, அரசியல் மேதை கவூர் வேண்டிக்கொள்ள, வெர்டி முதற் பாராளுமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தார். எனினும் அரசியல் அவர் உள்ளத்தைக் கவரவில்லை. சாந்த் அகாதா என்னும் தம் பண்ணையிற் பயிர்த்தொழிலைக் கண்காணித்து வாழ்வதையே அவர் விரும்பினார். 'நபுக்கோ'விற் பாடிய ஜூசெப்பீனா ஸ்திரெப்போனி அங்கு அவரது வாழ்க்கைத் துணைவியாக விளங்கினார்.

எகிப்திய ஆட்சியாளர் இஸ்மாயிலின் வேண்டுகோட்படி அவர் ஆக்கிய 'அயீடா' 1871 டிசெம்பர் 24ஆம் நாள் கெய்ரோவில் அரங்கேறியது. அதற்கென அமைத்த காட்சித் திரைகளும் உடைகளும் பிரசியப் படைகள் முற்றுகையிட்ட பாரிசில் அகப்பட்டுக்கொண்டமையால் நேர்ந்த தாமதம் அது. எழுத்தாளர் மான்சோனியின் நினைவாக இயற்றிய இரங்கல் வழிபாட்டிசை 1874இல் மிலான் தேவாலயமொன்றில் ஒலித்தது. பின்னர் அவர் ஓய்ந்துவிட்டார் என்றே பலரும் கருதினர். ஆனால் கவிஞர் பொயித்தோவின் துணையோடு, சேக்ஸ்பியரைத் தழுவி 1887இல் 'ஒத்தெல்லோ'வையும், 1893இல் தம் 79ஆம் வயதில் 'பால்ஸ்டாப்' என்னும் நகைச்சுவை நாடகத்தையும் அவர் தந்தார். இளமைத் துயரின் நடுவே நகைச்சுவையில் தோற்றவர், முதுமையில் நகைச்சுவையிலேயே வென்று விடைபெற்றார்.

பதிப்புரிமையைக் காத்து அவர் ஈட்டிய பெருஞ்செல்வம் யாது பயன்பட்டது? பண்ணைக்கு அண்மையில் ஏழைகளுக்காக மருத்துவமனை ஒன்றை 1888இல் திறந்தார். மிலானிலோ, முதுமையும் வறுமையும் உற்ற இசைக்கலைஞர் ஏறக்குறைய 100 பேர் தங்குவதற்கான இல்லத்தைக் கட்டுவித்தார். பொயித்தோவின் தமையனார் காமில்லோ அதற்குச் சிற்பியாக அமைந்தார். வாத்தியக்காரரும் கூட்டப் பாடகரும் குரலும் கையும் தளர்ந்த பின் ஆதரவற்றுப் போவதை அவர் நேரிற் கண்டவர். அவ்விருப்பிடம் 1899இல் நிறைவுற்றபோதிலும், தாம் உயிரோடிருக்கும் வரை அதனைத் திறத்தலாகாது என்று பணித்தார். பயன்பெறுவோர் தமக்கு நன்றி கூறுவதை அவர் விரும்பவில்லை. தம் நாடகங்களால் வரும் உரிமைப் பணத்தை அதன் செலவுக்கென ஒதுக்கினார்.

1901 ஜனவரி 27ஆம் நாள் மிலானில் அவர் காலமானார். பாட்டோ வாத்தியமோ இன்றி மிக எளிய முறையில் தம்மை அடக்கஞ் செய்ய வேண்டுமென அவர் எழுதியிருந்தார். அவ்வாறே செய்தனர். ஒரு மாதத்தின் பின், அவருடலையும் துணைவியாருடலையும் அவ்வில்லத்துக்கு எடுத்துச் சென்றபோது, இலட்சக்கணக்கான மக்கள் வீதிகளில் நிற்க, தொஸ்கனீனியின் தலைமையில் நூற்றுக்கணக்கானோர் பாடினர். பாடிய பாட்டு 'நபுக்கோ'வின் அடிமைகள் பாட்டு. முதல் நாள் அரங்கில் மக்கள் மீண்டும் கேட்காத அப்பாட்டை, 59 ஆண்டுகளுக்குப் பின் ஒரு தேசமே தன் பாட்டாக ஏற்றுக்கொண்டது.

1902 ஒக்டோபர் 10ஆம் நாள் அவ்வில்லம் திறக்கப்பட்டது. இன்றும் அங்கு முதிய இசைக்கலைஞர் வாழ்கின்றனர். இளம் மாணவரும் அவர்களோடு தங்கிக் கற்கின்றனர். தம் பாட்டின் ஓரடியையும் பிறர் மாற்ற இடங்கொடாத வெர்டி, அப்பாட்டு ஈட்டிய பொருளைப் பிறருக்கென விட்டுச் சென்றார்.