பாடநூலைச் சோதித்த ஆசிரியர் அவை

தில்லிக்கும் சென்னைக்கும் இடையே இரயிலில் சென்று வரும் தமிழர்கள் இடார்சி சந்திப்பை நன்கு அறிவார்கள். அங்கிருந்து போபாலை நோக்கிப் புறப்படும் வண்டி சிறிது நேரத்தில் நருமதைப் பாலத்தின் மேல் ஏறும். பாலத்தை அடையுமுன், ஆற்றின் தென்கரையில் ஓர் ஊர் தென்படும். பதினைந்தாம் நூற்றாண்டில் மாளவத்தை ஆண்ட ஹோஷங் ஷாவின் பெயரால் ஹோஷங்காபாத் என வழங்கி வந்த ஊர் அது. 2022-ஆம் ஆண்டில் நர்மதாபுரம் என்ற பெயரைப் பெற்றது. நதியைக் கண்டதும் கைகூப்பிக் காசு எறிபவர் பலர். கரையிலுள்ள ஊரைக் கருதுவோர் மிகச் சிலரே. ஆயினும் நம் நாட்டுக் கல்வி வரலாற்றில் அவ்வூருக்குத் தனியிடம் உண்டு. கிராமத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடி, தாம் கற்பிக்கும் பாடநூலைத் தாமே சோதித்துத் திருத்தும் உரிமையை முப்பது ஆண்டுக் காலம் அங்கே பெற்றிருந்தனர்.

பாடநூல் ஒன்று எவ்வாறு பிறக்கிறது என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். தலைநகரில் ஒரு குழு அமைகிறது. அறிஞர் எழுதுகின்றனர், அச்சகம் அச்சிடுகிறது, நூல் பள்ளிக்கு வந்து சேர்கிறது. அரசாங்க அலுவலகத்தில் ஆணைகளையும் சுற்றறிக்கைகளையும் மொழிபெயர்த்துப் பழகிய நமக்கு இந்தப் போக்குப் புதியதன்று. மேலிருந்து கீழே செல்லும் தாள்கள் கட்டுக் கட்டாக உள்ளன. கீழிருந்து மேலே வருபவை ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். பாடம் மாணவனுக்கு விளங்கவில்லையெனில் குறை மாணவனுடையது, அல்லது ஆசிரியருடையது. நூலின்மேல் குறை இருக்கக்கூடும் என்று சொல்வார் இல்லை.

இந்நிலையை மாற்ற இரண்டு தொண்டு நிறுவனங்கள் 1972-ஆம் ஆண்டில் முன்வந்தன. ஒன்று, ஹோஷங்காபாத் நகரை அடுத்த ரசூலியாவில், குவேக்கர் எனப்படும் கிறிஸ்தவ நண்பர் சங்கத்தாரால் தோற்றுவிக்கப்பட்ட நண்பர்கள் கிராம மையம். மற்றொன்று, அம்மாவட்டத்தின் பன்கேடிப் பகுதியில், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை விட்டு வந்த விஞ்ஞானி அனில் சத்கோபால் நிறுவிய கிஷோர் பாரதி. மத்தியப் பிரதேச அரசாங்கத்தின் இசைவுடன், பதினாறு நடுநிலைப் பள்ளிகளில், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு விஞ்ஞானத்தைப் புதிய முறையில் கற்பிக்கத் தொடங்கினர். சோதனை செய்து, கண்டதைக் குறித்து, குறித்ததைப் பற்றி வாதித்து மாணவர் தாமே முடிவுக்கு வர வேண்டும் என்பதே அம்முறை. டாட்டா நிலையத்து விஞ்ஞானிகள் உதவினர். அடுத்த ஆண்டு முதல் தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் வந்து சேர்ந்தனர்.

இவர்கள் சேர்ந்து உருவாக்கிய நூலின் பெயர் 'பால் வைக்யானிக்'. 'சிறுவர் விஞ்ஞானி' என்பது பொருள். அதில் விடைகள் அச்சிடப்படவில்லை. செய்ய வேண்டிய சோதனைகளும், அவற்றைத் தொடரும் வினாக்களுமே இருந்தன. அதன் மொழி நம் போன்றோர் கவனத்திற்குரியது. சமஸ்கிருதச் சொற்கள் செறிந்த அலுவலக இந்தியை விலக்கி, நருமதைக் கரைச் சிறுவர்க்கு விளங்கும் எளிய இந்தியில் எழுத அந்நூலார் முயன்றனர். கலைச்சொல் பின்னர் வரட்டும், பொருள் முன்னர் விளங்கட்டும் என்பது அவர்கள் கொள்கை.

ஆயினும் நூல் எழுதியதோடு பணி முடிந்துவிடவில்லை. உண்மையில் அங்கேதான் பணி தொடங்கிற்று. கோடை விடுமுறையில் ஏறக்குறைய மூன்று வாரம் பயிற்சி முகாம் நடைபெறும். அம்முகாமில் ஆசிரியர் மாணவர் நிலையில் அமர்ந்து, நூலிலுள்ள ஒவ்வொரு சோதனையையும் தம் கையால் செய்து பார்ப்பர். பல்கலைக்கழகப் பேராசிரியரும் ஐந்தாறு மைல் நடந்து பள்ளிக்குச் செல்லும் கிராம ஆசிரியரும் ஒரே பாயில் அமர்ந்து ஒரே இலையின் நரம்புகளை ஆராய்வர். ஆசிரியர் தொடுக்கும் நேரிய வினாவுக்கு விடை கூற இயலாமல், பேராசிரியர் தம் நூலகத்தை நாடிச் சென்றதும் உண்டு.

பள்ளி திறந்த பின்னர் மாதந்தோறும் ஒரு நாள், சுற்று வட்டார ஆசிரியர்கள் ஒரு பள்ளியில் கூடுவர். இந்த மாதக் கூட்டமே முயற்சியின் உயிர்நாடி. சென்ற மாதம் நடத்திய பாடம் எப்படி அமைந்தது? மழைக்காலத்தில் இச்சோதனை பலிக்கிறதா? நாற்பது நிமிடத்தில் முடிகிறதா? நூலில் கூறிய செடி இவ்வூரில் கிடைக்குமா? இந்த வினாவை மாணவர் எப்பொருளில் எடுத்துக்கொண்டனர்? இத்தகைய கேள்விகள் எழும். ஓர் ஊரார் கண்ட இடர்ப்பாட்டுக்கு மற்றோர் ஊரார் வழி கூறுவர். வழி காணாதவை குறிக்கப்பட்டு, நூலைத் திருத்துவோர் கைக்குச் செல்லும். பாடங்கள் வகுப்பில் நடந்து, கூட்டத்தில் அலசப்பட்டு, மீண்டும் எழுதப்பட்டன. 'பால் வைக்யானிக்' பதிப்புக்குப் பதிப்பு மாறியது இதனாலேயே. நாளடைவில், பயிற்சி பெற வந்த ஆசிரியர் பலர் பயிற்சியளிப்போராக உயர்ந்தனர்; பாடங்களைத் திருத்தி எழுதும் குழுக்களிலும் இடம் பெற்றனர்.

சோதனைக் கருவிகளிலும் இதே நெறி நிலவியது. விலையுயர்ந்த கருவிகளைப் பூட்டிய அலமாரியில் வைத்துப் பூசிப்பதால் பயனில்லை. உடைந்தாலும் அஞ்ச வேண்டாத, அருகிலேயே கிடைக்கும் பொருளே வேண்டும் என்று கருதினர். பூவைப் பிரித்துப் பார்க்கும் ஊசிக்குப் பதிலாகக் கருவேல முள் பயன்பட்டது. பொறியியல் கற்ற அரவிந்த் குப்தா 1978-ஆம் ஆண்டில் தம் தொழிற்சாலைப் பணியினின்று விடுப்புப் பெற்றுக் கிஷோர் பாரதிக்கு வந்தார். வாரச் சந்தையில் கிடைக்கும் எளிய பொருள்களை ஆராய்ந்து, சைக்கிள் வால்வுக் குழாயின் துண்டுகளால் தீக்குச்சிகளை இணைத்து, வடிவ கணித உருவங்களை அமைக்கும் வழி கண்டார். அவர் பின்னாளில் நாடெங்கும் அறிந்த விஞ்ஞானப் பொம்மைக் கலைஞரானார். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். பள்ளியைப் பார்வையிடுதல் நம் நாட்டுக்குப் புதிதன்று. கல்வி அதிகாரி வருவார், பதிவேட்டைப் புரட்டுவார், குறிப்பெழுதிச் செல்வார். அவர்முன் 'இப்பாடம் எனக்கு விளங்கவில்லை' என்று எந்த ஆசிரியர் சொல்வார்? சொன்னால் அவருடைய திறமையன்றோ ஐயத்துக்குரியதாகும்? மாதக் கூட்டத்திலோ கேட்பவரும் ஆசிரியர், சொல்பவரும் ஆசிரியர். தோல்வியுற்ற சோதனையைப் பற்றிப் பேசுவது அங்கே குற்றத்தை ஒப்புக்கொள்வதன்று. நூலைச் செப்பனிடும் பணியில் ஒரு பங்கு. சமமானவர் தம்முள் ஒருவர் பணியை ஒருவர் மதிப்பிடும்போதுதான் அச்சம் நீங்கி உண்மை வெளிப்படுகிறது. விஞ்ஞானிகள் தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளைச் சக விஞ்ஞானிகளின் மதிப்பீட்டுக்கு உட்படுத்துவது உலக வழக்கம். அந்த மதிப்பை ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியரின் சொல்லுக்கும் அளித்தது ஹோஷங்காபாத்தின் புதுமை.

கூட்டத்தில் பேசியதைத் தூரத்து ஆசிரியர்க்கும் எட்டச் செய்ய 'ஹோஷங்காபாத் விஞ்ஞான்' என்ற இதழ் வெளிவந்தது. மாணவர்க்கும் ஒரு வழி செய்தனர். 'சவாலிராம்' என்ற கற்பனை மனிதருக்கு எந்தச் சிறுவரும் கடிதம் எழுதிக் கேள்வி கேட்கலாம், மறுமொழி வரும். சவால் என்ற சொல்லுக்கு அம்மொழியில் கேள்வி என்பது பொருள். எட்டாம் வகுப்புத் தேர்விலோ, நூலைத் திறந்து வைத்துக்கொண்டே எழுத அனுமதி உண்டு. செய்முறைத் தேர்வும் உண்டு. நினைவாற்றலை அளவிடாமல் சிந்தனையை அளவிடுவதே நோக்கம்.

1978-ஆம் ஆண்டில் இம்முறை மாவட்டத்தின் எல்லா அரசாங்க நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982-இல் 'ஏகலவ்யா' என்ற நிறுவனம் தோன்றி இப்பணியை ஏற்று, மாநிலத்தின் வேறு மாவட்டங்களுக்கும் கொண்டு சென்றது. பதினாறு பள்ளிகளில் தொடங்கியது பல நூறு பள்ளிகளாகப் பெருகியது. குறைகளும் இல்லாமற் போகவில்லை. ஆர்வமுள்ள ஆசிரியர் கூட்டங்களுக்குத் தவறாமல் வந்தனர். பெயருக்கு வந்து போனவரும் இருந்தனர். கருவிகள் காலத்தில் வந்து சேராத இடங்களும் உண்டு. மேல் வகுப்புகளில் பழைய மனப்பாட முறையே நீடித்ததால், எட்டாம் வகுப்பு வரை கேள்வி கேட்டுப் பழகிய மாணவர் ஒன்பதாம் வகுப்பில் மௌனம் பழக வேண்டியிருந்தது.

2002-ஆம் ஆண்டில் மாநில அரசாங்கம் இத்திட்டத்தை நிறுத்தி ஆணையிட்டது. மாநிலம் முழுவதற்கும் ஒரே பாடநூல் வேண்டும் என்றும், இம்முறையில் பயின்றவர் மேல் வகுப்புத் தேர்வுகளில் பின்தங்குகின்றனர் என்றும் காரணம் கூறப்பட்டது. அக்கூற்றை ஏகலவ்யா மறுத்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் விஞ்ஞானிகளும் கல்வியாளரும் ஆணையைத் திரும்பப் பெறுமாறு வேண்டினர். ஆணை மாறவில்லை. பல ஆண்டுகள் கூடிக் கூடித் திருத்திய நூலை ஆசிரியர்கள் மூடி வைத்தனர். அந்நூலைப் பற்றி மாதந்தோறும் கருத்துச் சொல்லி வந்த அவர்களது அவை, அதன் முடிவைத் தீர்மானிக்கும் அதிகாரம் பெற்றிருக்கவில்லை. ஆணையால் எளிதில் தொடங்கி வளர்ந்தது ஆணையால் எளிதில் முடிந்தது என்பது இவ்வரலாற்றின் கசப்பான பாடம்.

எனினும் விதை அழியவில்லை. 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பள்ளி அறிவைப் பள்ளிக்கு வெளியேயுள்ள வாழ்வோடு இணைக்க வேண்டுமென வற்புறுத்தியது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் பேராசிரியர் யஷ் பால். ஹோஷங்காபாத் முயற்சிக்குத் தொடக்க நாளிலேயே துணைநின்ற டாட்டா நிலைய விஞ்ஞானி அவர். ஏகலவ்யா 1985-இல் தொடங்கிய 'சக்மக்' என்ற சிறுவர் இதழும் தொடர்ந்து வெளிவந்தது.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு இதில் ஒரு செய்தி உண்டு. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிப்போர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் கையிலுள்ள நூல் பெரும்பாலும் காவிரிக் கரைக் குழந்தைக்காகவோ வைகைக் கரைக் குழந்தைக்காகவோ எழுதப்பட்டது. மார்கழியின் இளம்பனியைப் பற்றிப் பாடம் பேசும். தில்லிக் குழந்தையோ எதிர்வீடு தெரியாத மூடுபனியில் பள்ளிக்குச் செல்லும். வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பேசும் குழந்தை எந்தச் சொல்லில் தடுமாறுகிறது என்பதை நூலாசிரியர் அறியார். ஞாயிறு வகுப்பில் அருகமர்ந்து கற்பிப்பவர் அறிவார். அவ்வறிவு ஒவ்வொருவர் மனத்திலும் தனித்தனியே கிடந்து வீணாகிறது. ஒரு நகரத்தில் தமிழ் கற்பிப்போர் பத்துப் பேர் மாதம் ஒருமுறை கூடி, நடத்திய பாடத்தைப் பற்றி மனம் திறந்து பேசிக் குறித்து வைப்பார்களாயின், அடுத்த ஆண்டுக் குழந்தைகளுக்குச் சற்று நல்ல பாடம் கிடைக்கும். அதற்கு எவருடைய ஆணையும் வேண்டியதில்லை. ஒரு கூடமும், ஒரு குறிப்பேடும், 'இப்பாடம் என் வகுப்பில் பலிக்கவில்லை' என்று சொல்லும் துணிவும் இருந்தால் போதும்.