பாஸ் லினக்ஸும் திறக்காத சிப்பியும்

எங்கூர்ல (தூத்துக்குடிங்க!) முத்துக்குளிப்பு நடந்த காலத்துல ஒரு வழக்கம் உண்டு. கரைக்கு வந்த சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமா ஏலம் விடுவாங்க. உள்ளே முத்தா, வெறும் சதையான்னு ஏலம் எடுத்தவருக்குப் பிறகுதான் தெரியும். 1961-க்கு அப்புறம் குளிப்பே இல்லை. ஆனா அரசாங்கம் மென்பொருள் வாங்குற செய்தியைப் படிச்சா எனக்கு அந்த ஏலம்தான் ஞாபகம் வரும். மூலநிரலைக் கண்ணுல காட்ட மாட்டாங்க, காசு மட்டும் முதல்ல கட்டணும்.

இந்த ஏலத்துக்கு நான் வரலைன்னு சொல்லிப் பார்த்தது நம்ம எல்காட். 1977-ல தொடங்கின தமிழக அரசு நிறுவனம். 2006 வாக்கில அதோட நிர்வாக இயக்குநரா இருந்தவர் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். திருவாரூர்ல கலெக்டரா இருந்தப்பவே அரசு வேலைகளைக் கணினிக்கு மாத்தினவர். எனக்குப் பிடிச்ச விஷயம், ஊருக்கு உபதேசம் பண்றதுக்கு முன்னாடி தன் ஆபீஸ்லயே சூசே லினக்ஸும் ஓப்பன் ஆபீஸும் போட்டு ஊழியர்களைப் பழக்கினார். அப்புறம்தான் அரசுப் பள்ளிகளுக்கான கணினிகள்ல லினக்ஸ் போச்சு. அவர் அங்கிருந்து மாறினதும் அந்த வேகமும் குறைஞ்சுது. ஒரு ஆளை நம்பி ஓடின வண்டி, வேறென்ன ஆகும்?

2011 செப்டம்பர்ல இலவச மடிக்கணினித் திட்டம் ஆரம்பிச்சுது. வாங்கிக் கொடுத்தது எல்காட்தான். விண்டோஸ் கூடவே பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. டெபியனை வச்சு சென்னை சி-டாக் உருவாக்கினது. எனக்கு 2014-15-ல, பிளஸ் டூ படிக்கிறப்ப கிடைச்சுது. ஆசையா தூக்கிட்டு ஒரு கடைக்குப் போனேன். அண்ணாச்சி திறந்து பார்த்தவுடனே, "தம்பி, இந்த பாஸ் எதுக்குடே? எடுத்துருவோம், இடமாவது மிஞ்சும்"ன்னார். என் வகுப்புல முக்கால்வாசிப் பேர் எடுத்துட்டாங்க. நான் எடுக்கலை. கொள்கையெல்லாம் ஒண்ணுமில்லை, அண்ணாச்சி கேட்ட காசு கையில இல்லை :-)

அதுல நோண்ட ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு சோறு போடுது.

பசங்களைக் குத்தம் சொல்ல முடியாதுங்க. பாடப்புத்தகத்துல இருந்தது ஸ்டார் ஆபீஸ். அதோட மூலநிரலை 2000-ல வெளியிட்டதுல பிறந்ததுதான் ஓப்பன் ஆபீஸ். நாங்க படிக்கும்போது கம்பெனியே ஸ்டார் ஆபீஸைக் கைவிட்டாச்சு. நாங்க மெனுவை மனப்பாடம் பண்ணி பரீட்சை எழுதிட்டு இருந்தோம்! பாஸ் பக்கம் ஒரு வாத்தியாரும் வரலை, அவங்களுக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கலை. பெட்டி வந்துச்சு, பாடம் வரலை. பைத்தானும் மைஎஸ்கியூஎல்லும் பிளஸ் டூ புத்தகத்துக்குள்ள வர 2019 ஆச்சு.

தமிழ் எழுத்துரு கதையும் இப்படித்தான். அரசு ஆபீஸ்கள்ல யூனிகோடுன்னு ஆணை வந்தது 2010 ஜூன், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயம். பல வருஷம் கழிச்சும் அம்மாவுக்காக ஒரு மனு ஃபைலை வாங்கி என் லினக்ஸ்ல திறந்தா ஒரே கிறுக்கல். வானவில் ஃபாண்ட்ல அடிச்சது. அம்மா பேரைக்கூட படிக்க முடியலை.

அந்த லேப்டாப் 2023 டிசம்பர் வெள்ளத்துல வீட்டோட சேர்ந்து முழுகிருச்சு. ஹார்ட் டிஸ்கை மட்டும் கழட்டி, துடைச்சு, அரிசி டப்பாவுல போட்டு வச்சேன். இன்னும் மாட்டிப் பார்க்கலை.