கேலக்ஸிக் கொத்துகளின் எக்ஸ் கதிர் வரலாறு

நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள், சில வேளைகளில் ஆயிரத்துக்கும் மேல், ஈர்ப்பால் பிணைந்திருக்கும் தொகுதியே கேலக்ஸிக் கொத்து. சாதாரணத் தொலைநோக்கியில் கேலக்ஸிகள் மட்டும் தெரியும். அவற்றின் நடுவே உள்ள வெளி வெறுமையாகத் தோன்றும். உண்மையில் அங்கே 1 கோடி முதல் 10 கோடி டிகிரி வரை கொதிக்கும் வாயு நிறைந்திருக்கிறது. கொத்தின் விண்மீன்கள் அனைத்தையும் கூட்டினாலும் வாயுவின் நிறை அதைவிடப் பல மடங்கு. இத்தனை சூடான வாயு எக்ஸ் கதிராக ஒளிர்கிறது. அக்கதிரைப் பூமியின் காற்று மண்டலம் விழுங்கிவிடுவதால், கருவியை மேலே ஏற்றாமல் இதை அறிய வழியில்லை.

1962-இல் ரிக்கார்டோ ஜக்கோனியின் குழு ஏவிய ராக்கெட், சூரிய மண்டலத்துக்கு வெளியே உள்ள ஓர் எக்ஸ் கதிர் மூலத்தை முதன்முதலாகக் கண்டது. ராக்கெட்டுக்கு வாய்த்தது சில நிமிடங்கள்தான். 1970 டிசம்பர் 12 அன்று கென்யக் கடலோர மேடையிலிருந்து சென்ற உஹுரு செயற்கைக்கோள்தான் வானம் முழுவதையும் அலசி, கோமா, பெர்சியஸ் போன்ற கொத்துகளில் கதிர் அகலப் பரவியிருப்பதைக் காட்டியது. 1976-இல் பிரிட்டனின் ஏரியல்-5 செயற்கைக்கோள் பெர்சியஸ் கொத்தின் கதிரில் இரும்பின் தடத்தைக் கண்டது. இத்துறையின் பெரிய திருப்பம் இதுவே. இரும்பு விண்மீன்களுக்குள் உருவாகும் பொருள். ஆகவே கதிரை வீசுவது சூடான வாயுதான் என்பது உறுதியானதோடு, வெடித்த விண்மீன்களின் சாரம் கேலக்ஸிகளை விட்டு வெளியேறி அந்த வாயுவில் கலந்திருப்பதும் தெரிந்தது.

படம் பிடிப்பதுதான் கடினம். நேராக விழும் எக்ஸ் கதிர் கண்ணாடியில் தெறிக்காது. குளத்து நீரில் சாய்த்து வீசிய ஓட்டாஞ்சில்லு தத்திச் செல்வதுபோல, உரசினாற்போல் விழுந்தால் மட்டுமே திரும்பும். இப்படிக் குழல் வடிவக் கண்ணாடிகளைக் கொண்டு 1978-இல் ஐன்ஸ்டைன் ஆய்வகம் கொத்துகளைப் படமெடுத்தது. 1999 ஜூலை 23 அன்று நாசா ஏவிய சந்திரா விண்வெளித் தொலைநோக்கி அதனினும் பன்மடங்கு கூர்மையானது. அரை ஆர்க் வினாடி நுணுக்கம் உடையது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது அது. ஏவுவதைக் காண அவர் உயிரோடு இல்லை. 2016-இல் அறிவிக்கப்பட்ட ஒரு கொத்தின் ஒளி 1,110 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. அதன் நடுவிலும் சூடான வாயு இருப்பதைச் சந்திரா காட்டியது.

இத்துறையில் இந்தியாவும் இறங்கியிருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28 அன்று பி.எஸ்.எல்.வி. சி-30 ராக்கெட் இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. அதன் மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குத் தங்கம் பூசிய மெல்லிய தகடுகளாலான கண்ணாடிகளை மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. கருந்துளைகளையும் நியூட்ரான் விண்மீன்களையும் ஆராய அது சிறந்த கருவி. தொலைதூரக் கொத்துகளுக்கு மட்டும் அது போதாது: அதன் நுணுக்கம் சுமார் 2 ஆர்க் நிமிடம்; அந்தக் கொத்துகளே வானில் ஓரிரு ஆர்க் நிமிட அகலந்தான். 2024 ஜனவரி 1 அன்று சென்ற எக்ஸ்போசாட் செயற்கைக்கோள் எக்ஸ் கதிரின் முனைவாக்கத்தை, அதாவது அதன் அலைகள் எந்தத் திசையில் அதிர்கின்றன என்பதை, அளப்பது. படமெடுப்பது அதன் வேலையன்று. கண்ணாடி செய்யும் கைத்திறன் நாட்டில் வளர்ந்துவிட்டது. இனி வேண்டியது பெரிய, கூரிய கண்ணாடி. அதற்கான நிதியை அரசு தயங்காமல் ஒதுக்க வேண்டும்.