கித்துள் முட்டியின் மண்டி

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறிவரும் யாத்திரிகருக்குக் கடுகண்ணாவை என்றதும் நினைவில் எழுவன, பாதைக்காகக் குடையப்பட்ட பாறையும், அப்பாதையை அமைத்த கப்டன் டோசன் 1829இல் காலமானபின் அவர் ஞாபகார்த்தமாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரமும், 1867இல் கண்டியை எட்டிய இருப்புப்பாதையுமேயாம். இவை யாவும் ஆங்கிலேயர் ஆட்சியின் சின்னங்கள். அவ்வாட்சிக்கு நெடுங்காலம் முன்பிருந்தே இம்மலைச்சாரல்களில் நடந்துவந்த கித்துள் சீவும் தொழிலுக்கோ கோபுரமும் இல்லை, கல்லும் இல்லை.

1660இல் கொட்டியாரத்தில் சிறைப்பட்டு, 1679இல் தப்பியோடும்வரை கண்டியரசனின் கைதியாயிருந்த ரொபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன், தன் சிறைவாசத்தின் பிற்பகுதியைக் கழித்த எலதெத்தைக் கிராமம், கடுகண்ணாவைக்கு அயலிலுள்ள உடுநுவரைப் பகுதியைச் சேர்ந்தது. 1681இல் இலண்டனில் வெளியான தன் நூலில் அவன் கித்துளை மறக்கவில்லை. நாளொன்றுக்கு இருமுறையும், நல்ல மரமாயின் மும்முறையும் இறக்கப்படும் அதன் பதநீர் மூன்று நான்கு கலன் வரை சுரக்கும் என்றும், அது நாவுக்கு இனியதாயும் உடலுக்கு நன்மை பயப்பதாயும் இருந்ததேயன்றிப் போதை தருவதாயிருக்கவில்லை என்றும், அதைக் காய்ச்சியே மலைநாட்டார் கருப்பட்டி செய்தனர் என்றும் அவன் கூறுகிறான். குடிவெறியை அவர்கள் பெரிதும் அருவருத்தனர் என்பதும் அவன் சாட்சியமே. பிற்காலத்தில் இதே மலைகளில் தவறணைகள் மலிந்ததை அறிந்தவர்க்கு இச்சாட்சியம் சற்றுக் கசக்கும்.

சீவும் முறையில் நுட்பம் மிகுதி. மிளகு, உப்பு, பூண்டு, சுண்ணாம்பு போன்றவற்றை அரைத்த மருந்தை, இளம்பாளையின் காம்பில் வெட்டிய பொழியில் வைத்து இறுகக் கட்டுவர். மருந்தின் கலவை குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும், அயலாருக்கு எளிதில் சொல்லப்படுவதுமில்லை. சில நாள் கழித்து நுனியைச் சீவி முட்டியைக் கட்டினால் பதநீர் சொட்டத் தொடங்கும். பாணிக்கும் கருப்பட்டிக்கும் இறக்குபவன் முட்டியை நன்கு கழுவி, உள்ளே ஹல் மரத்தின் பட்டைத்துண்டைப் போட்டு, புளிப்பேறாமல் காப்பான். கள்ளுக்கு இறக்குபவனோ முந்திய கள்ளின் வெண்ணிற மண்டி சிறிது அடியில் கிடக்கும்படியே அதே முட்டியை மீண்டும் கட்டுவான். மரமும் பதநீரும் ஒன்றே. முட்டியைக் கழுவுவதா விடுவதா என்பதில்தான் ஒருவன் பாணிக்காரனாவதும் மற்றவன் கள்ளுக்காரனாவதும்.

தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் காலத்தில் பாதை திறந்தது. பாதை வழியே கோப்பி வந்தது. கோப்பியை நாடித் தென்னிந்தியாவிலிருந்து நம்மவர் கால்நடையாய் வந்தனர். அவர்கள் கூலியை நாடிச் சாராயமும் கணவாய் ஏறியது. கரையோரத் தென்னங்கள்ளில் வடித்த அச்சாராயத்தை விற்கும் உரிமையை, ஒல்லாந்தர் காட்டிய வழியிலே, அரசாங்கம் ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. இலங்கையின் முதலாளி வர்க்கத்தின் செல்வம் பெரும்பாலும் இக்குத்தகையில் திரண்டதென்பதைக் குமாரி ஜயவர்தன தம் ஆய்வில் விரிவாய்க் காட்டியிருக்கிறார். 1912இல் மதுவரிச் சட்டம் புதுப்பிக்கப்பட்டு, கள்ளுக்கெனத் தனித் தவறணைகள் அனுமதிக்கப்பட்டபோது, 1904இலேயே தலையெடுத்திருந்த மதுவிலக்கியக்கம் தீவு முழுதும் கொதித்தெழுந்தது. பின்னாளில் சுதந்திரப் போராட்டத்தில் பெயர்பெற்ற சேனாநாயக்க சகோதரர்கள் பொதுவாழ்வில் பழகியது அம்மேடைகளிலேதான்.

இத்தனை வழக்குக்கும் வருமானத்துக்கும் மூலகாரணமான அம்மண்டி யாது என்பதை மேனாட்டு விஞ்ஞானம் உணர்ந்தது, கடுகண்ணாவை மலையில் தண்டவாளம் போடப்பட்ட காலத்தை ஒட்டியே. நொதித்தல், மண்டியில் வாழும் மதுவம் என்னும் நுண்ணுயிரின் செயல் என்று பாஸ்டர் நிறுவினார். உயிர்க்கலத்தை நசுக்கிப் பிழிந்த சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்யும் என்று 1897இல் புக்னர் காட்டினார். அன்றுமுதல் ஆராய்ச்சி கலத்தைவிட்டுக் கலத்தினுள்ளிருக்கும் நொதியங்களை நோக்கித் திரும்பியது.

மதுவம் சர்க்கரையைத் தின்று மதுசாரத்தைக் கக்குவதோடு நின்றுவிடுவதில்லை. போஷணை குன்றி வளர்ச்சி தளரும் வேளையில் அது தன் கலத்தினுள் கொழுப்பை நுண்ணிய துளிகளாய்த் திரட்டிவைக்கிறது. ஒரு துளியின் உள்ளீடு முக்கிளிசரைட்டும், ஸ்தெரோல் எஸ்தரும். புறத்தே ஒற்றைப் படலம் ஒன்றே. ஏன் இந்தச் சேமிப்பு? ஒட்சிசன் இன்றி வளரும் மதுவத்துக்கு எர்கோஸ்தெரோலும் நிரம்பாக் கொழுப்பமிலமும் வெளியிலிருந்து கிடைத்தாலொழிய வளர்ச்சி இல்லையென்று, 1953, 1954ஆம் ஆண்டுகளில் அந்திரியாசன், ஸ்டியர் என்னும் இருவர் காட்டினர். கலத்தின் மென்சவ்வை அமைக்க இவ்விரண்டும் வேண்டும். இவற்றை உண்டாக்கவோ காற்று வேண்டும். கரியமிலவாயு பொங்கி நிறையும் முட்டியில் காற்றுக்கு இடமேது? ஆதலின் முன்கூட்டிய சேமிப்பு வீண்போவதில்லை.

அச்சேமிப்பைத் திறக்கும் நொதியங்களை அடையாளங்கண்ட பெருமை ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து ஆய்வாளர்களுக்கு உரியது. முக்கிளிசரைட்டைப் பிளக்கும் டிஜிஎல் 3 என்பதை 2003இல் அதென்ஸ்டெட், டௌம் ஆகியோர் அறிவித்தனர். டிஜிஎல் 4, டிஜிஎல் 5 என்பன தொடர்ந்தன. ஸ்தெரோல் எஸ்தரைப் பிளப்பவை வேறு மூன்று. பட்டினி கிடந்த மதுவம் புதிய இனிப்பில் விழுந்ததும் முதலில் செய்யும் காரியங்களுள் ஒன்று, இந்நொதியங்களைக் கொண்டு பழைய கொழுப்பைப் பிளந்து, பெற்ற கொழுப்பமிலத்தால் தன் அரும்புக்குப் புது மென்சவ்வைப் புனைவது. டிஜிஎல் 3, டிஜிஎல் 4 இரண்டையும் இழந்த மதுவம் கொழுத்தே கிடக்கிறது, பெருகத் தொடங்கவும் தாமதிக்கிறது.

முட்டியைக் கழுவாமல் விட்ட கள்ளுக்காரன் ஊட்டிவந்தது இந்த வேலையையே. அடியில் கிடந்தவை மடிந்துபோன கசடல்ல. அடுத்த பதநீருக்கான மூலதனத்தைத் தம்முள் வைத்திருந்த கலங்கள். குத்தகைக்காரரும் மதுவரி அதிகாரிகளும் கலன் கணக்கு எழுதினார்கள். அம்மண்டியைக் கணக்கிலெடுத்தவன் சீவுபவன் ஒருவனே. இத்தகைய பிளப்பு மதுவத்துக்கு மட்டும் உரியதன்று. மனிதரின் கொழுப்பிழையத்தில் சேமிப்பைப் பிளக்கும் முதன்மை நொதியம் 2004இல் அறிவிக்கப்பட்டதும் அதே கிராஸ் நகரிலிருந்தேயாகும். ஈராண்டில், எலியிலிருந்து எடுத்த அந்நொதியத்தை மேற்சொன்ன கொழுத்த மதுவத்துள் புகுத்தியபோது, அது மதுவத்தின் கொழுப்புத் துளிகளைச் சென்று பற்றித் தடைப்பட்டிருந்த பிளப்பை மீண்டும் நடத்திவைத்தது.