மலையேறிய மதராஸி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதத்தில், நம் காலனியைச் சேர்ந்த நான்கு குடும்பத்தார் ஒரு வேனை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு இமாசலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்திற்குச் சென்றிருந்தோம். மணாலியின் கூட்டத்திற்கு அஞ்சி, ஔட் என்னும் இடத்திலேயே பெருஞ்சாலையை விட்டு விலகி, பஞ்சார், ஜீபி, சோஜா ஆகிய ஊர்களின் வழியே ஜலோரிக் கணவாய்க்கு ஏறினோம். பத்தாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். தேவதாரு மரங்களுக்கு இடையே, கடைசிப் பகுதியில் சாலை ஏணியைச் சாய்த்து வைத்தாற்போல் நிற்கிறது. நம் வேன் முதற் கியரில் முனகிக்கொண்டு ஏறியபோது, பின்னாலிருந்து 'தட், தட்' என்று அவசரமே இல்லாத ஓர் ஓசை கேட்டது. ஒன்றன்பின் ஒன்றாக ஏழெட்டு மோட்டார் சைக்கிள்கள் நம்மைக் கடந்து மேலே போயின.

உச்சியில், காளி கோயிலுக்கு அருகிலுள்ள தேநீர்க் கடைகளின் முன், முப்பதுக்குக் குறையாத வண்டிகள் நின்றன. எல்லாம் பழைய புல்லட்டுகள். பந்தல் இல்லை, பதாகை இல்லை, தலைமையுரை இல்லை, நன்றி நவிலலும் இல்லை. ஆண்டு விழாக்களில் பழகிய நமக்கு அதுவே முதல் வியப்பு. சண்டிகர், அம்பாலா, சிம்லா, தில்லி எனப் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஆண்டுக்கு ஒரு முறை, மழை பிடிக்குமுன், ஒருவருக்கொருவர் சொல்லி வைத்துக்கொண்டு ஏதேனும் ஒரு கணவாயில் கூடுவார்களாம். வந்தவர் தேநீர் அருந்துவர். ஒருவர் வண்டியை மற்றவர் குனிந்து பார்ப்பர். ஒரு வண்டி கிளம்ப மறுத்தால் பத்துப் பேர் சூழ்ந்து நின்று பத்து விதமான வைத்தியம் சொல்வர். பிறகு அவரவர் வழியே இறங்கிப் போய்விடுவர்.

நாம் புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அக்கூட்டத்தில் மூத்தவராகக் காணப்பட்ட ஒருவர் அருகில் வந்து எந்த ஊர் என்று வினவினார். படையிலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார். பஞ்சாருக்கு அருகே ஆப்பிள் தோட்டம் வைத்திருப்பவர். தில்லி என்றோம். சொந்த ஊர் எது என்றார். மதராஸ் என்றோம். கும்பகோணம், காரைக்குடி என்று விரித்துரைக்கும் வழக்கத்தை நாம் விட்டு நெடுநாளாயிற்று. அவர் தம் வண்டியின் பெட்ரோல் தொட்டியைத் தட்டிக் காட்டி, "இவனும் மதராஸிதான்" என்றார். வடக்கே அச்சொல் காதில் விழுந்தால் நம்மில் பலர் முகம் சுளிப்பதுண்டு. அன்று ஒருவரும் சுளிக்கவில்லை.

அவர் வேடிக்கையாகச் சொன்னது சரித்திரப்படியும் சரியே. இங்கிலாந்தில் ரெட்டிச் என்றோர் ஊர் தையல் ஊசிக்குப் பேர்பெற்றது. 1851-இல் ஜார்ஜ் டவுன்சென்ட் என்பவர் அங்கே தொடங்கிய ஊசித் தொழில் நாளடைவில் சைக்கிள் தொழிலாக மாறி, 1891-இல் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்னும் இருவர் கைக்கு வந்தது. என்பீல்டு என்னுமிடத்தில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்து தரும் ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பெருமையை முன்னிட்டு அவ்வூர்ப் பெயரையே தம் சைக்கிளுக்குச் சூட்டினர். 'ராயல்' என்பது பின்னர் ஒட்டிக்கொண்டது. 1901-இல் முதல் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. 1932-இல் 'புல்லட்' என்ற பெயர் வந்தது. பின்சக்கரத்திற்கு நல்ல வில்லமைப்புத் தந்து இரண்டாம் உலகப் போருக்குப் பின் உருவாக்கிய புதிய புல்லட், 1948-இல் இத்தாலியின் சான் ரெமோவில் நடைபெற்ற ஆறு நாள் சோதனை ஓட்டத்தில் இரண்டு தங்கப் பதக்கங்களைப் பெற்றது. மலைப்பாதை அதற்குப் புதிதன்று என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

நாடு விடுதலை பெற்றுப் பிரிவினையும் நேர்ந்தபின், புதிய எல்லைகளைச் சுற்றிவர நம் படைக்கு உறுதியான மோட்டார் சைக்கிள்கள் தேவைப்பட்டன. 1950-களின் தொடக்கத்தில், அவ்வண்டிகளை இறக்குமதி செய்துவந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்திடம் படைத்துறை சில நூறு புல்லட்டுகளைக் கேட்டது. தேவை வளர்ந்தது. 1955-இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி 'என்பீல்டு இந்தியா'வைத் தோற்றுவித்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1956-இல் அங்கே இங்கிலாந்திலிருந்து பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டி 163 வண்டிகள் செய்தார்கள். சில ஆண்டுகளுக்குள் அச்சுகளும் கருவிகளும் கடல் கடந்து வந்து, பாகங்களும் இங்கேயே உருவாகத் தொடங்கின. காதற்ற ஊசியைக் கண்டு உலகைத் துறந்ததாக நாம் கேட்டிருக்கும் பட்டினத்தடிகள் அடங்கிய ஊர் திருவொற்றியூர். ஊசி செய்த ஊரின் இயந்திரம் அங்கே வந்து குடியேறியதை நினைத்தால் நமக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

பிறகு நடந்ததுதான் விந்தை. 1967-இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-இல் தாய் நிறுவனமே இங்கிலாந்தில் மறைந்தது. திருவொற்றியூரிலோ வேலை நடந்துகொண்டே இருந்தது. 1977-இல் இங்கே செய்த புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. அங்குள்ளவர்கள் தம் இளமைக் காலத்து வண்டி புதிதாகக் கடைக்கு வந்திருப்பதைக் கண்டார்கள்.

பழமையின்மீது கொண்ட பற்றால் நம்மவர் அவ்வண்டியை மாற்றாமல் வைத்திருந்தார்கள் என்று சிலர் எழுதுவதுண்டு. அது புகழ்ச்சி; உண்மையன்று. இறக்குமதிக் கட்டுப்பாடும் உரிமக் கட்டுப்பாடும் இருந்த நாட்களில் போட்டி என்பது பெயரளவில்தான். வாங்குவோர் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தனர். மாற்ற வேண்டிய நெருக்கடி எவருக்கும் இல்லை. ஆகவே 70 மில்லிமீட்டர் அகலமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட அதே ஒற்றைச் சிலிண்டர், அதே 346 சி.சி., வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக் என்று தலைமுறைகள் கடந்தன. படையில் உழைத்துத் தேய்ந்த வண்டிகள் ஏலத்திற்கு வந்தன. பஞ்சாபிலும் அரியானாவிலும் பால்காரர் இரு பக்கமும் கேன்களைத் தொங்கவிட்டு ஓட்டினார். பழையது என்று எவரும் அதைக் கொண்டாடவில்லை; வேறில்லை என்று ஓட்டினார்கள். ஓட்டியதால் பழுது பார்க்க வேண்டியிருந்தது. பழுது பார்த்ததால் அது பிழைத்தது.

பிற நாட்டுக் கூட்டங்களிலிருந்து நம் நாட்டுக் கூட்டம் வேறுபடுவது இவ்விடத்தில்தான். இங்கிலாந்தில் 1946-இல் ஆலன் என்பவரின் முயற்சியால் பழைய மோட்டார் சைக்கிள் அபிமானிகள் சரே மாவட்டத்தின் ஹாக்ஸ் பேக் என்ற குன்றின்மேல் ஒரு சிற்றுண்டிச் சாலையில் கூடிச் சங்கம் கண்டனர். குப்பைக்குப் போகவிருந்த இயந்திரங்களைக் காப்பதே அவர்கள் நோக்கம். செருமனியில் 1956-இல் எர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்னும் எழுத்தாளர், 'பச்சை யானை' என்று செல்லப் பெயர் பெற்ற சுண்டாப் வண்டிக்காரரை நடுக் குளிர்காலத்தில் ஸ்டுட்கார்ட் அருகே ஒன்றுகூட அழைத்தார். திருவொற்றியூரில் அந்த 163 வண்டிகள் பூட்டப்பட்ட அதே ஆண்டு. அந்த 'யானைக் கூட்டம்' இடம் மாறி மாறி 1989 முதல் பவேரிய வனத்தின் மலைச் சரிவில், பனியில் கூடாரம் அடித்து நடந்துவருகிறது. அங்கெல்லாம் அன்பு முதலில் வந்தது. இங்கே தேவை முதலில் வந்தது. அன்பு பின்னால் தேநீர்க் கடைக்கு வந்து சேர்ந்தது.

மலைக்கும் புல்லட்டுக்கும் உள்ள உறவும் தேவையால் நேர்ந்ததே. 1960-இல் எல்லைச் சாலை அமைப்பு தோன்றியது. 1962-இல் சீனப் போர். கழுதைப் பாதைகள் இருந்த இடங்களில் லாரிச் சாலைகள் ஏறின. 1974-இல் லடாக் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. படை சென்ற வழியே படையின் வண்டி சென்றது. அதன் பின்னே இளைஞர் சென்றனர். வேகத்திற்கு அது உரியதன்று. ஆனால் கனத்த சுழல்சக்கரமும் நீண்ட ஓட்டமும் உடைய எஞ்சின், மெதுவாகச் சுழலும்போதே இழுக்கும் வலிமை வாய்ந்தது. ஏற்றத்தில் வேண்டுவது அதுதான். கர்துங் கணவாயின் பலகை 18,380 அடி என்று முழங்கினாலும், அளந்து கண்ட உயரம் ஏறத்தாழ 17,580 அடியே. அதுவே போதும், காற்று பாதியாகிவிட! காற்று மெலிந்தால் கார்பரேட்டர் தரும் கலவையில் பெட்ரோல் மிகுந்து, பிளக் கரி பிடித்து, எஞ்சின் திணறும். கார்பரேட்டரின் ஜெட்டைச் சிறியதாக மாற்றினால் மூச்சு வரும். சாலையோரத்தில் ஒரு திருப்புளி, ஒரு ஸ்பானர், ஒரு துண்டுக் கம்பி கொண்டு செய்யத்தக்க வேலை.

கிளப்புவதும் ஒரு சடங்கு. சாவியைத் திருப்பி, விளக்குத் தலையிலுள்ள அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். பிறகு அழுத்தம் தளர்த்தும் சிறு நெம்புகோலைப் பிடித்துப் பிஸ்டனை உச்சி கடக்கச் செய்து, விட்டுவிட்டு, ஒரே உதை. முறை தவறினால் வண்டி திரும்ப உதைக்கும், கணுக்கால் வீங்கும். சுபேதாருடைய வண்டியில் அம்மீட்டர் முள் செத்துப் பல ஆண்டுகளாயிற்றாம். அவர் தலையைச் சற்றுச் சாய்த்து, கிக்கரின் இறுக்கத்தைக் காலாலும், பாயிண்டின் சிறு ஒலியைக் காதாலும் அறிந்து, முதல் உதையிலேயே கிளப்பிக் காட்டினார். நம் குழந்தைகள் கைதட்டினர்.

அக்கூட்டத்தில் தில்லிக்காரர் ஒருவர் இருந்தார். கரோல் பாக்கில் பட்டறை வைத்திருப்பவர். கரோல் பாக் என்றதும் நம் மூத்த உறுப்பினர்களுக்குப் பழைய நினைவு எழும். தலைநகருக்கு எழுத்தர் வேலைக்கு வந்த நம்மவர் பலர் முதலில் அறை பிடித்தது அங்கேதான். பின்னாளில் அது புல்லட் பட்டறைகளின் பேட்டையும் ஆயிற்று. அவருடைய சொந்த வண்டி 1984-இல் செய்தது. அதை அவர் தில்லியில் வைத்துக்கொள்ளவில்லை. காரணம் கேட்டோம்.

2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது என்றது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அதன்பின் அவ்வாணையை நடைமுறைப்படுத்தியதில் ஏற்றத்தாழ்வுகள் பல உண்டு. மறுபுறம், 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி வகுத்தது. 50 ஆண்டு கடந்து, பெருமாற்றம் செய்யப்படாத வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவு. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். கண்காட்சி, ஆராய்ச்சி, அணிவகுப்பு, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கன்றிச் சாலையில் வழக்கமாக ஓட்டலாகாது. ஆக, 1984-இல் பிறந்த வண்டி தில்லிக்கு மிக முதியது. பழம்பொருள் ஆவதற்கு மிக இளையது. 2034 வரை அதற்கு அஞ்ஞாதவாசம். தடையின்மைச் சான்று பெற்று, மண்டியிலுள்ள மைத்துனர் வீட்டு முகவரியில் பதிவை மாற்றி, சுபேதாரின் ஆப்பிள் கொட்டகையில் அவர் அதை நிறுத்தி வைத்திருக்கிறார். அக்கொட்டகையில் மேலும் நான்கு தில்லி வண்டிகள் இருக்கின்றனவாம். ஜூன் மாதக் கூட்டம் என்பது, சிலருக்கு, ஊரில் விட்டுவந்த பெற்றோரைப் பார்க்கப் போவது போன்றது.

ஆணையை நாம் குறைகூறத் துணியோம். கார்த்திகை, மார்கழியில் நம் காலனிக் குழந்தைகள் இருமும் இருமல் நம் செவியில் விழாமலில்லை. ஆயினும் ஐம்பது ஆண்டு எட்டும்வரை அவ்வண்டிகளைக் காப்பவர் யார் என்ற கேள்விக்கு விதியில் இடமில்லை. புதுவகை எஞ்சின் வந்தபின் பழைய இரும்பு எஞ்சினின் உற்பத்தி நின்றது. கியரும் இடக்காலுக்கு மாறிவிட்டது. பட்டறைக்காரரின் இரு பையன்களும் புதிய வண்டிகளைக் கணிப்பொறி கொண்டு பார்க்கிறார்கள், நன்றாகவே பார்க்கிறார்களாம். பழைய எஞ்சினின் தட்டொலியைக் கேட்டு டாப்பெட் இடைவெளி சொல்ல அவர்களுக்குப் பொறுமை இல்லை என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. காளி கோயிலின் மணி அடிக்க, தேநீரைக் குடித்து முடித்தார்.

புறப்படும்போது சுபேதார் ஒரு காகிதத்தில் தம் முகவரியை எழுதி நம்மிடம் தந்தார். இப்போது கடைகளில் கிடைக்கும் அம்மீட்டர்கள் மீன் துள்ளுவதுபோல் துள்ளி ஒரு மாதத்தில் எரிந்துபோவதாகவும், மதராஸில் பழைய வகை அகப்பட்டால் வாங்கி அனுப்புமாறும் கேட்டுக்கொண்டார். அவ்வாண்டுத் தீபாவளிக்குச் சென்னை சென்ற நம் உறுப்பினர் ஒருவர் புதுப்பேட்டைச் சந்துகளில் அரை நாள் அலைந்தார். நான்காவது கடையில், ஒரு தகரப் பெட்டியின் அடியில், துரு நீக்கினால் பயன்படும் நிலையில் ஒன்று கிடைத்தது. அஞ்சலில் அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து ஒரு பெட்டி ஆப்பிளும் இந்தியில் ஒரு கடிதமும் வந்தன. முள் நன்றாக வேலை செய்வதாகவும், பழக்கம் விடாததால் தாம் இன்னும் காதைச் சாய்த்தே வண்டியைக் கிளப்புவதாகவும் எழுதியிருந்தார்.