உயிரில்லாக் காற்று

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். வேதியியல் வகுப்பில் நைட்ரஜனை நாங்கள் 'அசோத்' என்றுதான் படித்தோம். 1787-இல் லவுவாசியேவும் அவருடைய சகாக்களும் கொண்டுவந்த பெயர் அது. கிரேக்க வேரில் 'உயிரற்றது' என்று பொருள். அந்தக் காற்றை மட்டும் சுவாசித்தால் எந்தப் பிராணியும் பிழைக்காது, அதனால் அப்படி ஒரு பெயர். அதே அசோத்தும் ஆக்சிஜனும் ஓர் அணுவுக்கு ஓர் அணு சேர்ந்தால் நைட்ரிக் ஆக்சைடு. வாகனப் புகையில் வருகிற நச்சு வாயு. அதை நம் ரத்தக்குழாயே தயாரிக்கிறது என்று நிரூபணமானது 1987-இல். கணக்குப் பாருங்கள், சரியாக இருநூறு வருஷம்!

கதை தொடங்குவது வெடிமருந்தில். பாரிஸில் பெலூஸ் என்ற பேராசிரியரிடம் படித்த இத்தாலியர் சொப்ரேரோ, 1847-இல் நைட்ரோகிளிசரினைச் செய்தார். துளியை நாக்கில் வைத்துப் பார்த்தவருக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி. அதே பெலூஸிடம் சிறிது காலம் பயின்ற ஆல்ஃப்ரெட் நோபல் இந்தத் திரவத்தோடு மல்லுக்கட்டினார். 1864-இல் நடந்த வெடிவிபத்தில் தம்பி எமிலைப் பறிகொடுத்தும் விடவில்லை. 1867-இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார்.

அதே 1867-இல் எடின்பரோவில் பிரன்டன் என்ற இளம் மருத்துவர் ஒரு காரியம் செய்தார. அப்போதெல்லாம் நெஞ்சுவலிக்கு ரத்தத்தை வெளியேற்றுவது வழக்கம். ரத்த அழுத்தம் குறைவதால்தான் வலி தணிகிறது என்று அவர் ஊகித்து, அமைல் நைட்ரைட் சொட்டுகளைத் துணியில் விட்டு முகரச் சொன்னார். நோயாளியின் முகம் சிவந்தது, ஒரு நிமிஷத்துக்குள் வலி போயிற்று. 1879-இல் மர்ரெல் என்ற லண்டன் மருத்துவர் நைட்ரோகிளிசரினையே மருந்தாகக் கொடுத்து எழுதினார். வெடிமருந்து என்றால் ஜனங்கள் பயப்படுவார்களே! அதனால் 'திரினித்ரின்' என்று ஒரு சாதுவான பெயர். 1896-இல் நோபலுக்கே அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். இது விதியின் கேலி அல்லவா என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். டிசம்பரில் இறந்துவிட்டார்.

நம்மில் பலர் சட்டைப் பையில் வைத்திருக்கும் சார்பிட்ரேட் இதே குடும்பம்தான். ஆனால் இது எப்படி வேலை செய்கிறது என்பது நூறு வருஷம் யாருக்கும் தெரியாது. 1977-இல் ஃபெரித் முராத், இந்த மருந்துகள் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடுகின்றன என்று காட்டினார். மருந்து சரி, உடம்பு?

புரூக்ளினில் ஃபர்ச்காட் என்பவர் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துப் பல வருஷம் ஆராய்ந்தவர். அசிட்டைல்கோலின் விட்டால் துண்டு சுருங்கும், அது அவருடைய அனுபவம். 1978-இல் உதவியாளர் சோதனையின் வரிசையை மாற்றிச் செய்துவிட, துண்டு தளர்ந்துவிட்டது. கடைசியில் காரணம் தெரிந்தது: இத்தனை காலமும் துண்டு வெட்டும்போது குழாயின் உட்புற மெல்லிய செல் அடுக்கை உரசி அழித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர் அத்துடன் விடவில்லை. உள்ளடுக்கு இல்லாத துண்டின் மேல் உள்ளடுக்கு உள்ள துண்டை ஒட்டிவைத்தார்; முதல் துண்டும் தளர்ந்தது. அப்படியானால் ஏதோ ஒரு பொருள் இங்கிருந்து அங்கே போகிறது! 1980-இல் இதை வெளியிட்டார். அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடாக இருக்கலாம் என்று 1986-இல் அவரும் இக்னாரோவும் தனித்தனியே சொன்னார்கள். 1987-இல் இங்கிலாந்தில் மொன்காதா குழு அளந்தே காட்டியது.

1998-இல் நோபல் பரிசு ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும். மூவருக்கு மேல் பகிரக் கூடாதென்பது விதி, மொன்காதா வெளியே. ஃபைலில் குறிப்பெழுதியவன் ஒருவன், கையெழுத்து இன்னொருவருடையது என்று பார்த்துப் பழகிய எனக்கே இது உறுத்துகிறது.

அந்த உள்ளடுக்கு ஒரே ஒரு செல் கனம். அதிலிருந்து ஓயாமல் கசியும் சிறிதளவு வாயு, குழாயைத் தளர்த்துவதோடு, வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சுவரில் ஒட்டாமலும் பார்த்துக்கொள்கிறது. புகை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இவற்றால் கசிவு குறைந்தால் செல்கள் மேற்பரப்பில் ஒட்டும் புரதங்களை நீட்டுகின்றன. வெள்ளணுக்கள் ஒட்டி உள்ளே நுழைகின்றன. அழற்சி தொடங்குகிறது, கொழுப்பு படிகிறது. கடுமையான தொற்றிலோ நேர்மாறு: வேறொரு நொதி இதே வாயுவை வெள்ளமாகக் கொட்ட, ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று, கூச்சப்படாமல் படியுங்கள். வயாக்ரா வகை மாத்திரையும் இதே பாதையில்தான் வேலை செய்கிறது. அதையும் சார்பிட்ரேட்டையும் சேர்த்தால் அழுத்தம் அபாயமாக விழும். அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போனால், பக்கத்தில் மருமகள் நின்றாலும் சரி, மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். நாக்கடியில் மாத்திரை வைக்கும்போது நிற்காதீர்கள், உட்கார்ந்துகொள்ளுங்கள். தலைவலி வந்தால் சொப்ரேரோவை நினைத்துக்கொள்ளலாம்.